மூளைக்குள் நுழையும் கேன்சர் செல்... காவல்காரனே கூட்டாளி ஆவது எப்படி?

"கேன்சர் மூளைக்குப் பரவிடுச்சு" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ இது பிரெய்ன் கேன்சரா?" என்பதுதான். இல்லைங்க. மார்பகத்தில் தொடங்கியது மூளைக்குப் போனாலும் அது மார்பகப் புற்றுநோய்தான். சிகிச்சையும் அதை வைத்துத்தான் முடிவாகும். இப்படி இடம்விட்டு இடம் பரவுவதற்குப் பெயர், மெட்டாஸ்டாசிஸ். பெரியவர்களைப் பொறுத்தவரை மூளையிலேயே உருவாகும் புற்றுநோயைவிட, நுரையீரல், மார்பகம், தோல் என வேறு இடங்களில் இருந்து வருவதுதான் அதிகம்.

எப்படி வருது? இந்தக் கேள்வியோடு பல வருஷமாக மல்லுக்கட்டுபவர் ஜோன் மசாகே. 1953-ல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் பிறந்தவர். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஆராய்ச்சி செய்பவர்.

கேள்வி பழசுதான். 1889-லேயே ஸ்டீபன் பேஜெட் என்ற லண்டன் டாக்டர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் புரட்டிவிட்டு, 'விதை எங்கே வேணா விழும், ஏத்த மண்ணுலதான் முளைக்கும்' என்ற கருத்தை முன்வைத்தார். மூளை அப்படி ஏத்த மண்ணே கிடையாது. ரத்தக்குழாய்ச் சுவரே அங்கே செம டைட். அதைத் தாண்டி உள்ளே போகும் கேன்சர் செல்களிலும் பெரும்பாலானவை செத்துப்போகும்.

கொல்வது யார்? 2014-ல் மசாகே குழு எலிகளில் கண்டுபிடித்த பதில், ஆஸ்ட்ரோசைட். நரம்பு செல்களைப் பராமரிக்கும், நட்சத்திர வடிவ செல் இது. வெளி ஆள் நுழைந்ததும் பிளாஸ்மின் என்ற என்சைம் உருவாக வழி பண்ணும். பிளாஸ்மின் ரெண்டு வேலை செய்யும். கேன்சர் செல்லைச் சாகச் சொல்லும் சிக்னலைக் கிளப்பும். அந்த செல் ரத்தக்குழாயை ஒட்டிப் பிடித்துக்கொள்ள உதவும் 'பசை' புரதத்தையும் வெட்டிவிடும். ஆனா, தப்பிப் பிழைக்கும் சில செல்கள் செர்பின் என்ற புரதத்தைச் சுரந்து பிளாஸ்மின் உருவாவதையே தடுத்துவிடுகின்றன. அப்புறம் என்ன... கொடி மாதிரி ரத்தக்குழாயைச் சுற்றிப் படர்ந்து வளர ஆரம்பிச்சுடும்.

இதைவிட அதிர்ச்சியானது 2016-ல் வந்தது. பிழைத்த செல்கள் அதே ஆஸ்ட்ரோசைட்டோடு நுண்ணிய குழாய் மாதிரி இணைப்பு போட்டுக்கொள்கின்றன. அது வழியாக ஒரு ரசாயன சிக்னலை அனுப்ப, ஆஸ்ட்ரோசைட் பதிலுக்கு சில புரதங்களைச் சுரக்க, கட்டி வளர்வதோடு கீமோதெரபியையும் தாக்குப்பிடிக்கிறது. கொல்ல வந்தவனையே வேலைக்காரனாக்குவது என்றால் இதுதான்!

அந்த இணைப்பை அடைக்க முடிந்தால்? மெக்லோஃபெனமேட் என்ற பழைய வலி நிவாரணியையும், டோனாபெர்சாட் என்ற மருந்தையும் எலிகளுக்குக் கொடுத்தபோது மூளைக் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. உடனே 'பெயின் கில்லர் போட்டா கேன்சர் போயிடும்'னு வாட்ஸ்அப்ல தட்டிடாதீங்க. இது எலியில் கிடைத்த முடிவு. இன்றைக்கு மூளைக்குப் பரவிய கட்டிக்கு அறுவை சிகிச்சை, ரேடியேஷன், சில வகைகளுக்கு டார்கெட்டட் மருந்துகள், இம்யூனோதெரபி ஆகியவைதான் கையில் இருக்கின்றன.

மசாகேயிடம் பயிற்சி பெற்று, 2014 ஆய்வை முன்னின்று செய்த மானுவல் வாலியன்டே இப்போது மாட்ரிட்டில், ஸ்பெயினின் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் தனிக்குழு நடத்துகிறார். அவர் குறி வைத்திருப்பதும் இந்த ஆஸ்ட்ரோசைட்டைத்தான்.