ஒரு பொதியும் மூன்று காப்புரிமைகளும்



வீட்டு வாயிலில் வந்து இறங்கும் ஒரு பொதியை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கைபேசியில் ஒரு பொருளை வேண்டுகிறார். தொலைவிலுள்ள கிடங்கில் அவ்வேண்டுகோள் கணினிக்குக் கணினி பாய்கிறது. ஆயிரக்கணக்கான பொருள்களுள் உரியதொன்றைத் தேடி எடுத்து அனுப்புகின்றனர். பொதியின் மேல் தடித்தும் மெலிந்தும் நிற்கும் கருங்கோடுகள் உள்ளன. உள்ளே, பொருள் உடையாமல் காக்கும் மெல்லிய நுரைப்பஞ்சு இருக்கலாம். நுரை, கோடு, கணினிகளை இணைக்கும் வலை ஆகிய இம்மூன்றின் வரலாற்றிலும் ஒவ்வொரு காப்புரிமைப் பத்திரம் உண்டு. அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

காப்புரிமை என்பது யாது? 'பேட்டண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர், 'திறந்திருத்தல்' என்னும் பொருளுடையது. காப்பது என்றால் மறைப்பது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. புதியதொன்றைக் கண்டவன் அதன் செய்முறையை உலகறிய எழுதித் தரவேண்டும். அதற்கு ஈடாக, சில ஆண்டுகளுக்கு அவன் இசைவின்றிப் பிறர் அதைச் செய்யலாகாது என்று அரசு காவல் தரும். காலம் முடிந்ததும் அது அனைவருக்கும் பொதுவாகும். 1474ஆம் ஆண்டில் வெனிஸ் குடியரசு இயற்றிய சட்டம் இக்காவலைப் பத்தாண்டுகளுக்கு வழங்கியது. தனிமனிதனுக்கும் சமுதாயத்துக்கும் இடையே ஏற்பட்ட ஓர் ஒப்பந்தம் இது எனலாம்.

முதலில் நுரையின் கதையைக் காண்போம். ஜெர்மனியில் லெவர்குசன் நகர ஆய்வுக்கூடத்தில் ஓட்டோ பேயர் என்னும் வேதியியலறிஞர், ஐசோசயனேட்டு என்னும் சேர்மங்களை ஆல்கஹால் வகைச் சேர்மங்களோடு இணைத்து, பாலியுரேத்தேன் என்னும் புதிய பொருளைப் படைத்தார். 1937ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. உடன் பணியாற்றியோர் சிலர் இதனால் பயன் விளையாது என்றே கருதினர். ஒருமுறை செய்த மாதிரியில் குமிழிகள் மலிந்திருந்தன. போலிப் பாலாடைக்கட்டி செய்யத்தான் இது உதவும் என்று சோதனைப் பிரிவினர் எள்ளினராம். ஐசோசயனேட்டு நீரோடு சேர்ந்தால் கரியமில வாயு பிறக்கும். அவ்வாயுவே பொருளை நுரைக்கச் செய்யும். குற்றமென்று தள்ளப்பட்ட குமிழியே பின்னர்க் குணமாயிற்று. மெத்தை, நாற்காலித் திண்டு, குளிர்பெட்டியின் சுவர் எனப் பலவற்றுள் இன்று அந்நுரை உறைகிறது.

அடுத்தது கருங்கோடுகளின் கதை. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், டிரெக்சல் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னார்ட் சில்வர் என்னும் மாணவர் இருந்தார். பல கடைகளுக்கு உரிமையாளரான வணிகர் ஒருவர், பொருளின் விவரத்தைத் தானே படித்தறியும் கருவியொன்றை ஆராய்ந்து தருமாறு கழகத்தின் உயர் ஆசிரியரிடம் வேண்டினார். ஆசிரியர் மறுத்துவிட்டார். அருகிருந்து கேட்ட சில்வர், நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் அதைச் சொன்னார். உட்லண்டு அச்சிந்தனையிலேயே ஆழ்ந்து, புளோரிடாவிலிருந்த தம் பாட்டனார் இல்லத்துக்குச் சென்றார். அங்கே கடற்கரை மணலில் அமர்ந்து, சாரணராக இருந்தபோது கற்ற மோர்ஸ் தந்திக் குறிகளைப் பற்றி எண்ணினார். மணலில் பதித்த விரல்களைத் தம்மை நோக்கி இழுத்தார். புள்ளியும் கோடும் நீண்டு, மெல்லிய வரியும் தடித்த வரியும் ஆயின. பட்டைக்குறி பிறந்த தருணம் அதுவே.

இருவரும் 1949 அக்டோபரில் விண்ணப்பித்தனர். 1952 அக்டோபர் 7ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அவர்கள் செய்த கருவியோ மேசையளவு பெரியது. அதன் 500 வாட் விளக்கின் வெம்மையில் காகிதம் புகைந்தது. லேசர் ஒளியும் விலை குறைந்த கணினியும் அன்று இல்லை. காப்புரிமையை 15,000 டாலருக்கு விற்றனர். சில்வர் 1963ஆம் ஆண்டில், 38ஆம் வயதில் மறைந்தார். 1969ஆம் ஆண்டில் காப்புரிமையின் காலமும் முடிந்தது. ஓகையோ மாநிலத்தின் டிராய் நகரக் கடையொன்றில், பொதுப் பட்டைக்குறி அச்சிட்ட சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாக லேசர் ஒளியால் படிக்கப்பட்டதோ 1974 ஜூன் 26ஆம் நாள்!

மூன்றாவது, வலையின் கதை. கலிபோர்னியாவில் செராக்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் 1973ஆம் ஆண்டில் 'ஈதர்நெட்' என்னும் முறையை வகுத்தார். ஒரே கம்பியில் பல கணினிகள் பேசவேண்டும். குரல்கள் மோதினால் என் செய்வது? வகுப்பில் இரு மாணவர் ஒருங்கே பேசத் தொடங்கினால், இருவரும் நிறுத்தி, வெவ்வேறு கணம் காத்திருந்து மீண்டும் பேசுவதில்லையா? கணினிகளுக்கும் அவ்வொழுக்கமே கற்பிக்கப்பட்டது. மெட்கால்ஃப் உள்ளிட்ட நால்வர் பெயரில் 1977ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. செராக்ஸ் அதைப் பூட்டி வைக்கவில்லை. வேறிரு நிறுவனங்களோடு கூடி 1980ஆம் ஆண்டில் அதன் இலக்கணத்தை வெளியிட்டு, சிறு கட்டணத்துக்கு இசைவு வழங்கியது. பலரும் அதனைக் கைக்கொண்டதனாலேயே அது உலகெங்கும் பரவியது.

மாணவர்களே, மணலில் கோடிட்டவர்களுக்குக் கிடைத்தது அற்ப ஊதியம்தானே, இது முறையா என்று நீங்கள் வினவலாம். வினா நியாயமானதே. சட்டம் ஆண்டுகளை எண்ணுகிறது; அறிவு கனியும் காலத்தையோ எவரும் முன்னறிந்து குறிக்க இயலாது. இக்குறை காப்புரிமையில் என்றும் உண்டு. எனினும் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். அவ்விருவரும் தம் கருத்தைப் பெட்டியுள் பூட்டி வைத்திருந்தால், அது சில்வரோடு பாதி மறைந்திருக்கும். தெளிவாக எழுதி உலகுக்கு அளித்தமையால், பின்வந்தோர் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. உட்லண்டு 2012 வரை வாழ்ந்து, தம் கோடுகள் உலகை ஆள்வதைக் கண்ணாரக் கண்டார்.

அடுத்த முறை ஒரு பொதியைப் பிரிக்கையில், அதன் மேலுள்ள கோடுகளை ஒரு கணம் உற்று நோக்குங்கள். காலம் கடந்த ஒப்பந்தமொன்று பொதுச் செல்வமாகி உங்கள் கைக்கு வந்திருப்பது தெரியும்.