ஆட்டுக்குட்டியின் எழுத்து

1658இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் ஒரு பாடப்புத்தகம் வெளியானது. பெயர் ‘ஓர்பிஸ் சென்சுவாலியும் பிக்டுஸ்’. கண்ணால் காணும் உலகம், படங்களில் என்று சொல்லலாம். குழந்தைகளுக்கென்றே உருவான முதல் படப்புத்தகம் என்று பெரும்பாலும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். எழுதியவர் மொராவியாவில் பிறந்த யான் ஆமோஸ் கொமென்ஸ்கி. கொமேனியஸ் என்றால் உலகத்துக்குத் தெரியும்.

வானம், மரங்கள், பட்டறை, சமையலறை என்று 150 அத்தியாயங்கள். படத்தில் உள்ள பொருளுக்கு ஒரு எண். லத்தீனிலும் ஜெர்மனிலும் உள்ள வாக்கியங்களில் அதே எண். என் தொழில் புத்திக்கு அது ஹைப்பர்லிங்க் மாதிரிதான் தெரிகிறது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அவற்றுக்கு முன்னால் வரும் எழுத்துப் பட்டியல்.

நாம படிச்சது ‘அ – அணில்’. அணில் எங்கேயாவது ‘அ’ன்னு கத்துமா? பெயரின் முதல் எழுத்துக்காக அது அங்கே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கொமேனியஸ் அப்படிச் செய்யவில்லை. லத்தீனில் ஆட்டுக்குட்டி ‘அக்னுஸ்’. ‘ஏ’ என்ற எழுத்தில்தான் தொடங்கும். அதை அவர் ‘பி’க்குக் கொண்டுபோய் வைத்தார், ஏனென்றால் அது ‘பே’ என்று கத்துகிறது. ‘ஏ’யில் இருப்பது கரையும் காகம். உறுமும் நாய்க்கு ‘ஆர்’, சீறும் பாம்புக்கு ‘எஸ்’, காற்றுக்கு ‘எஃப்’. எழுத்து என்பது பெயரின் முதல் துண்டு அல்ல, வாயில் பிறக்கும் ஓசை. படத்தைப் பார்த்தால் ஓசை நினைவுக்கு வரும், பிறகு எழுத்து தானாக வரும் என்பது அவர் கணக்கு.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. கரடிக்கு அடிவயிற்றிலிருந்து முனகணும். எலிக்கு உச்சத்தில் கீச்சிடணும். ஓநாய்க்கு ஊளை, ஆந்தைக்கு அலறல். ஒரே பக்கத்தில் குரல் அதன் அடித்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை போய் வந்துவிடுகிறது.

இன்றைய மேற்கத்திய மழலையர் இசை வகுப்பில் நடப்பதும் இதுதான். ஆசிரியர் படப்புத்தகத்தைத் திறப்பார், ஆந்தை வரும், குழந்தைகள் ஆந்தையாவார்கள். பாட்டு அப்புறம். பேச்சுக்குரலிலேயே புழங்கும் குழந்தைக்கு மேலே இன்னொரு குரல் இருப்பது தெரியாது. குரல்நாண்கள் நீண்டு மெலிந்தால் சுருதி ஏறும் என்பதை மூன்று வயதுக்கு எப்படி விளக்குவது? படத்தைக் காட்டினால் போதும். அமெரிக்க இசைக்கல்வியாளர் ஜான் ஃபியராபென்ட்டின் பாடத்திட்டத்தில் இந்தச் சுருதித் தேடலுக்கு என்றே தனிப் பகுதி உண்டு.

கொமேனியஸின் நோக்கம் வாசிப்பு, சங்கீதம் அல்ல. ஆனாலும் இரண்டும் அவருக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. 1633இல் வெளிவந்த ‘தாய்மடிப் பள்ளி’ நூலில், பிறந்தவுடன் குழந்தை அழும் அழுகையே மனிதனின் முதல் இசை என்கிற பொருளில் எழுதுகிறார்.

யார் இதை எழுதுவது என்று பார்க்க வேண்டும். முப்பதாண்டுப் போரின் நடுவே, 1622இல் கொள்ளைநோய்க்கு மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்தவர். மதத்தின் பேரால் 1628இல் நாட்டைவிட்டுப் போனவர், பிறகு திரும்பவே இல்லை. இந்தப் படப்புத்தகத்தை ஹங்கேரியின் ஷாரோஷ்படாக்கில் எழுதினார். படம் செதுக்க அங்கே ஆள் கிடைக்காமல்தான் அது நூரம்பர்க் போனது. அச்சாவதற்கு இரண்டு வருடம் முன்பு, போலந்தின் லெஷ்னோ எரிந்தபோது அவருடைய வீடும், பல பத்தாண்டுகளாகத் தொகுத்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதியும் சாம்பலாயின.

ஒரு ஆயுள்காலச் சொற்சேகரம் எரிந்துபோனவரின் புத்தகம், சொல்லுக்கும் முந்தைய ஓசையில் தொடங்குகிறது. அவர் அதை நினைத்து வைத்தாரா என்று கேட்டால், இல்லை. பட்டியல் தீக்கு முன்பே தயார். ஆனால் தீ தொட முடியாத ஒன்றை அவர் முதல் பக்கங்களிலேயே வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த மொழிக் குழந்தையும் எந்த ஊர் அகதிக் குழந்தையும் கூடவே எடுத்துப் போகிற பாடம் அது.

அந்த வரிசையில் காகம், ஆட்டுக்குட்டி, சிள்வண்டு, கொண்டலாத்தி ஆகியவற்றுக்கு அடுத்து, ஐந்தாவதாக, ‘இ’ எழுத்துக்கு ஒரு படம் இருக்கிறது. விலங்கு அல்ல. அழும் மனிதக் குழந்தை.