கண்மாய் வற்றினால் கட்லா சாகிறது, விரால் பிழைக்கிறது... ஏன்? செவுளில் இருக்கும் விடை!

போடிநாயக்கனூர் மார்க்கெட்டில் மீன் வாங்குபவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் புதுசு, வெளுத்திருந்தால் பழசு. ஆனால் அந்த மீன் எங்கே வாழ்ந்தது, எதைத் தின்றது என்பதையும் செவுளே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லி ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் இருப்பதோ 5, 6 மில்லிதான். அதைப் பிடிக்கத்தான் செவுளில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய இழைகள். தண்ணீர் போகும் திசைக்கு எதிராக ரத்தம் ஓடுவதால், இருக்கிற ஆக்சிஜனில் பெரும்பகுதியை அவை உறிஞ்சிவிடுகின்றன.

செவுளின் உட்புற முட்களையும் கவனிங்க. கட்லாவுக்கு அவை நீளமாக, நெருக்கமாக இருக்கும்; நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன் அது. மீனையும் தவளையையும் வேட்டையாடும் விராலுக்கு வெறும் குட்டை முடிச்சுகள்தான்.

கண்மாயில் என்ன நடக்கிறது?

ஏலமலைச் சரிவில் இறங்கும் கொட்டக்குடி ஆறு பாறையில் மோதி நுரைத்து வருவதால், அங்கே ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. சமவெளிக் கண்மாய் அப்படி இல்லை. கோடையில் தண்ணீர் சுண்டி, சூடாகி, ஆக்சிஜன் குறையும். இரவில் பாசியும் அதை இழுத்துக்கொள்வதால் விடியற்காலைதான் மோசமான நேரம். கட்லா, ரோகு எல்லாம் வாயைப் பிளந்தபடி மேலே வரும். தலைக்கு மேலேயே காற்று இருந்தும் பயனில்லை. தண்ணீரின் தாங்கல் இல்லாவிட்டால் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

விராலுக்குச் செவுளுக்கு மேலே தனியாக ஒரு காற்றறை இருக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்க விடாமல் தடுத்தால், வளர்ந்த விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும்!

பனையேறி கெண்டைக்கு முதல் செவுள் வளைவின் ஒரு பகுதியே மடிப்பு மடிப்பான சுவாச உறுப்பாக மாறியிருக்கிறது. 1791-ல் தரங்கம்பாடியில் இந்த மீன் பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப் எழுதிய கட்டுரை, 1797-ல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் வெளியானது.

புதிதாக ஒன்றை உருவாக்காமல், இருப்பதை மாற்றிக்கொள்வதுதான் பரிணாமத்தின் வழக்கம். மனிதக் கருவிலும் இதே போன்ற வளைவுகள் தோன்றித் தாடை, காது எலும்பு, குரல்வளை என மாறுகின்றன.

கண்மாயில் மீன்கள் செத்து மிதந்தால் உடனே 'விஷம் கலந்துட்டாங்க' என்று பேச்சு கிளம்பும். கெண்டை வகைகள் மட்டும் செத்து, விரால் உயிரோடு இருந்தால் ஆக்சிஜன் குறைவுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். விராலும் சேர்ந்து மிதந்தால், தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.