டைஃபாய்டு கிருமி மருந்துக்கு அடங்காமல் போனது எப்படி? மரபணு சொன்ன பதில்

டைஃபாய்டு வந்தால் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பதுதான் நமக்குத் தெரிந்த கதை. 2016 இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் அந்தக் கதை மாறியது. செஃப்ட்ரியாக்சோன் ஊசி உட்பட, டைஃபாய்டுக்குக் கொடுக்கப்படும் ஐந்து வகை மருந்துகளுக்கும் கிருமி அசையவில்லை.

கல்ச்சர் டெஸ்ட் போதாதா?

எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்பதை கல்ச்சர் டெஸ்ட் சொல்லிவிடும். 'ஏன்?' என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அதற்குக் கிருமியின் டிஎன்ஏவை முழுசாகப் படிக்கணும். டைஃபாய்டு கிருமியில் அது சுமார் 48 லட்சம் எழுத்துகள் கொண்டது.

என்ன தெரிந்தது?

கராச்சியின் ஆகா கான் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் வெல்கம் சாங்கர் நிறுவனமும் இணைந்து படித்து, 2018-ல் முடிவை வெளியிட்டன.

ஒன்று, நோயாளிகளிடம் இருந்த கிருமிகள் கிட்டத்தட்ட ஒரே அச்சு. அதாவது, ஒரே கிருமி ஆளுக்கு ஆள் பரவியிருக்கிறது.

இரண்டு, ஏற்கெனவே பழைய மருந்துகளுக்கு அடங்காத 'எச்58' வகையான அது, புதிதாக ஒரு பிளாஸ்மிட்டைப் பெற்றிருந்தது. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் டிஎன்ஏ துண்டு. நம் குடலில் வாழும் ஈ.கோலையிலும் இதே போன்ற துண்டு உண்டு. செஃப்ட்ரியாக்சோனைச் சிதைக்கும் மரபணு அதில்தான் இருந்தது.

இதனால் என்ன பயன்?

பரவுவது ஒரே கிருமி என்றால், மருந்தை மாற்றுவது மட்டும் போதாது, பரவலையே தடுக்கணும். அதற்கு வழி சுத்தமான குடிநீரும் தடுப்பூசியும். 2019-ல் டைஃபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடானது பாகிஸ்தான். அந்தத் தடுப்பூசியைத் தயாரித்தது நம்ம ஹைதராபாத்தின் பாரத் பயோடெக்.

இனி என்ன கவலை?

இந்த வகை டைஃபாய்டுக்கு மாத்திரையாக மிஞ்சியிருப்பது அசித்ரோமைசின் மட்டுமே. வங்கதேசத்தில் கிடைத்த சில டைஃபாய்டு கிருமிகளில், ஒரே மரபணுவில் ஓரிடத்தில் ஏற்பட்ட மாற்றம் அதையும் செயலிழக்க வைத்திருக்கிறது.

சளி, காய்ச்சல் என்றதும் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிறோமே, அதே மாத்திரைதாங்க இது.