பழங்குளமும் புதுநிரலும்

வன்னி நாட்டின் வரலாறு குளங்களின் வரலாறேயாகும். ஓமந்தையும் அக்குளங்களிடையே அமைந்த ஊரே. வன்னியிற் குடியேறியோர் பலர் புதுக்குளங் கட்டினாரல்லர். முன்னோர் கட்டிக் காடு மூடிக்கிடந்த குளத்தின் உடைந்த அணையைத் திருத்தி, துருசைச் செப்பனிட்டு, வயல் விதைத்தனர்.

வணிக மென்பொருள் வளர்ந்த வகையும் இதனையே ஒக்கும். இங்கிலாந்தின் லயன்ஸ் என்னும் தேநீர்க்கடை நிறுவனம் தன் கணக்குகளைப் பொறியாற் செய்ய விழைந்தபோது, 'லியோ' என்னும் கணினியையே தான் ஆக்கவேண்டியதாயிற்று. 1959இல் வணிகக் கணக்குக்கென்றே கோபோல் என்னும் நிரல்மொழியை வகுக்கும் பணி தொடங்கிற்று. 1970இல் எட்கர் கொட் தொடர்புநிலைத் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டார். பின்னெழுந்த சட்டகங்கள், பயனரை அடையாளங் காணல், பதிவுகளைச் சேமித்தல், படிவங்களைக் காட்டல் முதலிய பொதுவேலைகளை ஆயத்தமாகவே தந்தன. விலை, இருப்பு, கடன் ஆகியன பற்றி அவ்வவ் வணிகத்துக்குரிய விதிகளை எழுதுதலே நிரலாளருக்கு எஞ்சியது.

இம்முறையின் பயனை இலங்கை உணர்ந்தது ஒரு பேரிடரிலாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முல்லைத்தீவுக் கரையும் அழிந்தது. ஏ9 வீதிவழியே வன்னிக்குச் சென்ற நிவாரணப் பொருள்கள் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தே சென்றன. எவர் காணாமற்போயினர், எம்முகாமுக்கு எது வேண்டும், யார் எதனை வழங்குகின்றனர் என்பவற்றைப் பதிய இலங்கை நிரலாளர் 'சகானா'வை ஆக்கினர். பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் முதலிய இலவசக் கருவிகள் முன்னரே இருந்தமையால் அது சில வாரங்களிலே பயனுக்கு வந்தது. அனைத்தையும் அடியிலிருந்து ஆக்க முனைந்திருப்பின், உதவி வேண்டிய காலமே கடந்திருக்கும். பண்டசாலை வணிகனுக்கும் வேண்டுவன இத்தகைய இருப்பும் தேவையும் வழங்கலும் பற்றிய பதிவுகளே. 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் சகானா பயன்பட்டது.

அவ்வாண்டிலேயே சஞ்சீவ வீரவரண முதலியோர் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தைத் தொடங்கினர். நிறுவனங்களின் பல்வேறு செயலிகளை இணைக்கும் மென்பொருளை அது அப்பாச்சித் திட்டங்களின்மீது அமைத்தது. அத்திட்டங்களுக்குத் தன் பணியாளரின் உழைப்பையும் வழங்கியது.

பிறர் கருவியைக் கொள்வது கல்வியாகுமோ எனச் சிலர் வினவுவர். துருசு இயங்கும் வகையை அறியாதவன் வெள்ளக்காலத்தில் அணையைக் காக்கமாட்டான். ஆதலின் கருவியின் உள்ளியல்பைக் கற்றல் இன்றியமையாதது. ஆயினும் கற்றதன் பயன் ஊருக்கு உதவுதலன்றோ? வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வன்னியின் நெல் ஆலைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வேண்டிய செயலிகளை நம் மாணவர் உள்ள கருவிகளைக் கொண்டே இன்று ஆக்கலாம். நீர் பாய்ச்சியவர் அணைக்கும் மண் சுமந்ததுபோல, தாம் கண்ட திருத்தங்களை அக்கருவிகளுக்கு மீள அளித்தல் அவர்தம் கடனாகும்.