குல்லை: கஞ்சாவின் பெயரில் சிக்கிய எலுமிச்சை மணம்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களைப் பட்டியலாகப் போட்டு, எதிரே இன்றைய பெயர் எழுதி வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. அந்தப் பட்டியல்கள் சிலவற்றில் 'குல்லை' என்ற பெயருக்கு எதிரே 'கஞ்சா' என்று இருக்கும். அதைப் படித்தவர்கள் வியந்து, சங்க காலத் தமிழர் கஞ்சாப் பூவைத் தலையில் சூடினார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறார்கள். இது தவறு. குல்லை கஞ்சா அல்ல. அது நம் ஏரிக்கரையிலும் தரிசு நிலத்திலும் கேட்பாரற்று முளைத்துக் கிடக்கும் ஒரு துளசி. அகராதியில் அதற்குக் கஞ்சாங்கோரை என்று பெயர். ஊரில் நாய்த்துளசி.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதிப் பக்கம், நெல்வயல்களைத் தாண்டிய மேட்டு நிலத்திலும் சாலையோரத்திலும் மழைக்குப் பிறகு இந்தச் செடி தலைகாட்டும். முழங்கால் உயரம். தண்டை விரலால் உருட்டினால் நான்கு பட்டை தட்டுப்படும். இலை சிறியது, சாம்பல் பூத்த பச்சை. நுனிக்கதிரில் அடுக்கடுக்காக வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றும் அரிசி முனையை விடக் கொஞ்சம்தான் பெரியது. பூ உதிர்ந்த பின் காய்ந்த புல்லிவட்டத்தை உள்ளங்கையில் தட்டினால் நான்கு கறுப்பு விதைகள் விழும். தண்ணீரில் போட்டால் அவை வழுவழுவென்று ஊதிக்கொள்ளும். இலையைக் கசக்கி முகர்ந்தால்தான் இதன் அருமை தெரியும். ஒரு செடியில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய மணம் வரும். இன்னொரு செடியில் கர்ப்பூர நெடி அடிக்கும். இது மூக்கின் மயக்கம் இல்லை. இந்த இனத்துக்குள்ளேயே சிட்ரால் மிகுந்த வகை, கர்ப்பூரம் மிகுந்த வகை, மெத்தில் சின்னமேட் மிகுந்த வகை என்று வேதிப் பிரிவுகள் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூன்றுக்கும் உருவம் ஒன்றே.

"அது நாய்த்தொளசிங்க, சாமிக்கு ஆவாது" என்பார்கள். பெயரின் முன்பாதிக்கு விளக்கம் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. பயிரைப் போலவே இருந்து பயிராகாததற்கு, பூசைக்கு உரியதைப் போல இருந்து பூசைக்கு ஏலாததற்கு, தமிழில் 'நாய்' என்றோ 'பேய்' என்றோ 'காட்டு' என்றோ ஓர் அடை வந்து ஒட்டிக்கொள்ளும். கடுகைப் போன்ற விதையுள்ள நாய்க்கடுகு, இனிக்காத பேய்க்கரும்பு, கசக்கும் பேய்ச்சுரை எல்லாம் அப்படி வந்தவை. தெலுங்கிலும் இது குக்கத்துளசிதான். குக்க என்றால் நாய். கன்னடத்தில் நாயிதுளசி. தென்னாட்டு மொழிகள் மூன்றும் ஒரே நாயை இதன் முன் கட்டியிருக்கின்றன. பெருமாள் கோயில் துளசிக்கு மதிப்பு ஏற ஏற, அதன் பக்கத்து உறவான இந்தச் செடிக்கு மதிப்பு இறங்கிவிட்டது.

சங்கப் பாடல்களில் நிலைமை வேறு. திருமுருகாற்றுப்படையில் மலைமகளிர் இலையோடு கூடிய நறும்பூவாகக் குல்லையைத் தழையில் சேர்த்து அணிகிறார்கள். குறுந்தொகையின் 11ஆம் பாடலில் மாமூலனார், வடக்கே இருந்த வடுகரைக் குல்லைக் கண்ணி சூடியவர்கள் என்று அடையாளம் காட்டுகிறார். அந்த வடுகரின் வழிவந்த தெலுங்குதான் இன்று இதை நாயோடு சேர்த்துச் சொல்கிறது என்பது காலத்தின் விளையாட்டு. சிறுபாணாற்றுப்படை முல்லை பூக்கும் காட்டுப்புறத்துக்கே குல்லையை அடையாகத் தருகிறது. அதைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். இடைக்கழிநாடு இன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது. உத்திரமேரூருக்குத் தொலைவு இல்லை. அவர் கண்முன் இருந்த காடும் மேய்ச்சல் வெளியும் இந்த வட்டாரத்து நிலம்தான். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் வறட்சியைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் கரிவது குல்லை. மரம் வாடுவதற்கு முன், அருவி வற்றுவதற்கு முன், இது கரிகிறது. வேர் ஆழம் போகாத, ஓராண்டே வாழும், எங்கும் காணக்கிடைக்கும் செடியைத்தான் புலவர் அப்படி முதலில் வைப்பார்.

இந்த நான்கு இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். நறுமணம், இலையோடு சூடுதல், மேய்ச்சல் காடு, வறட்சிக்கு முதல் பலி. நாய்த்துளசிக்கு நான்கும் பொருந்தும். கஞ்சாவுக்கு எது பொருந்தும்? கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. காற்றால் மகரந்தம் பரவும் இனம் ஆகையால் அதன் பூவில் கண்ணைக் கவரும் இதழ் கிடையாது. பெண்பூவின் கதிர் கையில் ஒட்டும் பிசினோடு இருக்கும். இமயமலைச் சாரலில் அது தானாக முளைத்துப் புதராக மண்டும். தமிழ்நாட்டு மேய்ச்சல் வெளியில் அப்படி மண்டுவதில்லை. அதைத் தலையில் முடிந்து அழகு பார்த்தார்கள் என்பது செடியைப் பார்க்காதவர் எழுதியது என்றே எனக்குப் படுகிறது.

இலையைச் சூடுவது நமக்குப் புதிதும் அல்ல. காஞ்சிபுரத்துப் பூக்கடைகளில் இன்றும் கதம்பத்தின் நடுவே மருவும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டுகிறார்கள். திருநீற்றுப்பச்சையும் அந்த வரிசைதான். அதன் விதைதான் சர்பத்தில் போடும் சப்ஜா. பூவின் நிறத்துக்கு நடுவே இலையின் மணம் வேண்டும் என்பது தமிழர் தொடையல் கட்டும் முறை. குல்லை அந்த முறையின் பழைய உறுப்பு.

பிறகு கஞ்சா எப்படி உள்ளே வந்தது? உரையாசிரியர் வழியாக வந்தது. ஆனால் தவறு உரையாசிரியருடையது இல்லை. நச்சினார்க்கினியர் குல்லைக்குத் தம் காலத்துப் பெயராகக் 'கஞ்சங்குல்லை' என்று எழுதினார். அவர் எழுதியது குறில்: கஞ்சம் + குல்லை. மகரம் ககரத்தின் முன் ஙகரமாகத் திரிவது மாணவரும் அறிந்த புணர்ச்சி. இந்தக் கஞ்சம் எது என்பதில்தான் முடிச்சு. பழைய அகராதிகள் கஞ்சம் என்ற சொல்லின் கீழ்த் தாமரை, வெண்கலம், துளசி, கஞ்சா என்று பல பொருளைக் குவிக்கின்றன. துளசியும் கஞ்சாவும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பட்டியல் போட வந்தவர் பிரபலமான பொருளை எடுத்துக்கொண்டு, மணமுள்ள பொருளை விட்டுவிட்டார்.

இதற்கு உறவான இன்னொரு சொல்லைக் காஞ்சியிலிருந்தே காட்டலாம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அதில் அந்தணர் வீட்டு விருந்தில் மாதுளம் பிஞ்சோடு மிளகும் 'கஞ்சகம்' என்ற இலையும் கலந்து பரிமாறுகிறார்கள். கஞ்சகம் என்றால் கறிவேப்பிலை. தாவரவியலில் கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே குடும்பம். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். எலுமிச்சை இலையிலும் அதே புள்ளிகள். ஆக, கஞ்சம் என்றும் கஞ்சகம் என்றும் தமிழர் வாயில் புழங்கிய சொற்கள் சமையலுக்கும் சூடுவதற்கும் உரிய மணத்தழைகளைக் குறித்து வந்திருக்கின்றன. போதைக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கஞ்சா என்ற சொல் வந்த வழியே வேறு. அது வடமொழியின் கஞ்ஜா. வடமொழியிலும் அது பழைய சொல் அல்ல. அதர்வவேதத்தில் வருவது பங்கம் என்ற சொல்தான், கஞ்ஜா பிற்காலத்து வரவு. செடியின் பிறப்பிடமும் இங்கே இல்லை. அது முதலில் பயிரானது கிழக்கு ஆசியாவில் என்று 2021இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. இந்தியச் செடியைப் பார்த்து லமார்க் 1785இல் அதற்குக் 'கன்னாபிஸ் இண்டிகா' என்று பெயரிட்டார். அவருக்கு மாதிரி கிடைத்தது சொன்னெரா என்பவர் இந்தியாவில் சேகரித்ததிலிருந்து. தமிழ்ச் சித்த மருத்துவத்தில் அதற்குக் கோரக்கர் மூலி என்று தனிப்பெயர் உண்டு. 1845 முதல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்களோடு கஞ்சா என்ற சொல்லும் கப்பலேறி, அந்தத் தீவின் வழியாக உலகத்தின் பாட்டுகளுக்குள் நுழைந்தது. இவ்வளவு நீண்ட பயணம் செய்த சொல்லின் நிழல் விழுந்தால் ஓர் ஏரிக்கரைச் செடியின் பெயர் என்ன ஆகும்? கஞ்சங்குல்லையின் 'ஞ்ச' நீண்டு 'ஞ்சா' ஆனது. குல்லை என்ற சொல் பேச்சில் மறந்ததும் அதன் இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கோரை வந்து அமர்ந்தது. கோரை புல்லைப் போன்ற இனம், பாய் முடைவது. துளசியோடு அதற்கு ஒன்றும் இல்லை. பொருள் தெரியாத பகுதியைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது வாய்மொழியின் இயல்பு. கஞ்சாங்கோரை என்ற வடிவம் அப்படித்தான் அமைந்தது என்பது என் முடிபு.

அறிவியல் பெயரும் இந்தச் செடிக்கு நியாயம் செய்யவில்லை. 1755இல் லின்னேயஸ் இதற்கு 'ஓசிமம் அமெரிக்கானம்' என்று பெயர் வைத்தார். செடியோ ஆப்பிரிக்காவுக்கும் இந்தியா உள்ளிட்ட ஆசியாவுக்கும் சொந்தம். தமிழில் நாய், வகைப்பாட்டில் அமெரிக்கா, அகராதியில் கஞ்சா. குல்லை ஒன்றுதான் அதன் சொந்தப் பெயர். அதைத்தான் நாம் தொலைத்தோம்.

மேல்நாட்டில் இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு பெயர் வழக்கு நடக்கிறது. அங்கே சட்டம் தளர்ந்த நாடுகளில் கஞ்சாவை வகைவகையாகக் கலப்பினம் செய்து, எலுமிச்சை, ஆரஞ்சு என்று பெயரிட்டு விற்கிறார்கள். 'சூப்பர் லெமன் ஹேஸ்' என்ற வகை 2008, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆம்ஸ்டர்டாமில் நடந்த கஞ்சாப் போட்டியில் பரிசு பெற்றது. எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன் அந்தக் கஞ்சாவிலும் இருப்பதால் மணம் ஒக்கிறது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2023இல் வந்த ஓர் ஆய்வு, அந்தப் பழ மணத்துக்கு மிகச் சிறிய அளவில் உள்ள கந்தகச் சேர்மங்களும் காரணம் என்று காட்டியது. எலுமிச்சை எண்ணெயிலும் இதே கதைதான். அதில் பெரும்பகுதி லிமோனீன். ஆனால் மூக்குக்கு 'இது எலுமிச்சை' என்று சொல்வது நூற்றில் சில பங்கே உள்ள சிட்ரால். அந்தச் சிட்ரால் எலுமிச்சம்புல் எண்ணெயில் 70 முதல் 80 விழுக்காடு வரை இருக்கிறது. நாய்த்துளசியின் எலுமிச்சை வகையிலும் அதுவே தலைமை மணம். அங்கே கஞ்சா எலுமிச்சையின் பெயரைக் கடன் வாங்கி விலை ஏறுகிறது. இங்கே எலுமிச்சை மணக்கும் செடி கஞ்சாவின் பெயர் ஒட்டி மதிப்பிழந்து கிடக்கிறது.

மதிப்பு மட்டும் அல்ல, பயமும் சேர்ந்துவிட்டது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கஞ்சா பயிரிடுவது குற்றம். அந்தச் சட்டம் கஞ்சா என்று வரையறுப்பது அந்தச் செடியின் பூத்த, காய்த்த நுனிகளை. கஞ்சாங்கோரைக்கு அதில் இடமே இல்லை. ஆனால் பெயரைக் கேட்டதும் தயங்குகிறார்கள். கைக்குழந்தையின் சளிக்கு இதன் இலைச்சாற்றைக் கொடுத்த பாட்டிகளின் வழக்கம் மறைந்துவருவதற்குப் பெயரும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கிழக்கே போனால் இதன் கதை வேறு. திருநீற்றுப்பச்சையும் இதுவும் கலந்து பிறந்த எலுமிச்சைத் துளசியை இந்தோனேசியாவில் கெமாங்கி என்கிறார்கள். பொரித்த மீனுக்கும் சம்பாலுக்கும் பக்கத்தில் பச்சையாக வைத்துத் தின்கிறார்கள். தாய்லாந்தில் அதே இலை மேங்லக் என்ற பெயரில் குழம்பில் விழுகிறது. நம்மிடம் தாய்ச்செடி இரண்டும் இருந்தும் தட்டுக்கு வரவில்லை.

வளர்ப்பதில் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. எலுமிச்சை மணம் வரும் செடியைக் கசக்கிப் பார்த்துத் தேர்ந்து, காய்ந்த கதிரிலிருந்து விதை எடுக்க வேண்டும். விதையைப் புதைக்கக் கூடாது. மண்மேல் தூவி, லேசாகக் கைவிரவி, தண்ணீர் தெளித்தால் போதும். வெயில் நன்றாகப் பட வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. பூக்கத் தொடங்கும் சமயத்தில் இலை பறித்தால் மணம் நிறைந்திருக்கும். பக்கத்தில் வேறு துளசி இருந்தால் தேனீக்கள் கலப்பு செய்துவிடும். மணம் மாறாமல் இருக்க வேண்டும் என்றால் விதைச் செடியைத் தள்ளி வையுங்கள், அல்லது தண்டை வெட்டி நட்டுப் பதியம் போடுங்கள்.

குறிஞ்சிப்பாட்டைப் பாடம் நடத்தும் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குல்லைக்கு எதிரே கஞ்சா என்று அச்சிட்ட பட்டியல் கையில் இருந்தால் அதை அடித்துவிட்டு, நாய்த்துளசி என்று எழுதுங்கள். பள்ளி வேலியோரத்திலேயே அது முளைத்திருக்கும். ஒரு கொத்தைப் பறித்து வந்து பிள்ளைகளை முகரச் சொல்லுங்கள்.