மார்ஃபின் மருந்துக்கான அங்கீகார விதிகள் (இந்தியா)

அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின் போன்ற வலி நிவாரணிகளை வாங்கவும், இருப்பு வைக்கவும், நோயாளிக்கு வழங்கவும் மருத்துவர்களும் மருத்துவமனைகளும் பெறவேண்டிய அனுமதிகளை வரையறுப்பவை இவ்விதிகள். 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டமும், 2014இல் அதற்கு வந்த திருத்தமும், 2015இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளும் இவற்றின் அடிப்படை. முற்றிய புற்றுநோயின் கடும் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முதன்மையான மருந்து மார்ஃபின். அதனால் இவ்விதிகளின் வரலாறு, நோயாளிகளுக்கு வலி நிவாரணம் மறுக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்ட வரலாறும் ஆகும்.

முன்வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் அபின் அரசின் ஏகபோக வணிகமாக இருந்தது. 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபின் சட்டங்கள் சாகுபடியையும் விற்பனையையும் அரசின் பிடியில் வைத்தன. ஜெனீவாவில் 1925இல் உருவான உடன்படிக்கையைத் தொடர்ந்து 1930இல் அபாயகரமான மருந்துகள் சட்டம் இயற்றப்பட்டது. 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒற்றை உடன்படிக்கை உறுப்பு நாடுகள்மீது இரண்டு கடமைகளைச் சுமத்தியது: போதைப்பொருள் தவறான கைகளுக்குப் போகாமல் தடுக்க வேண்டும்; வலி தீர்க்க அது இன்றியமையாதது என்பதால் நோயாளிக்குக் கிடைக்கவும் செய்யவேண்டும். இந்தியாவின் பிற்காலச் சட்டம் முதல் கடமையில் காட்டிய அக்கறையை இரண்டாவதில் காட்டவில்லை.

1985ஆம் ஆண்டுச் சட்டம்

1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் கடத்தலை ஒடுக்கும் நோக்கம் கொண்டது. பல குற்றங்களுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்குச் சட்டத்தின் 8ஆம் பிரிவு விலக்கு அளித்திருந்தது. ஆயினும் அந்த விலக்கை நடைமுறைப்படுத்தும் விதிகளை வகுக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டதால், மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபட்டது.

மருந்து வேறு மாநிலத்திலிருந்து வரவேண்டுமானால், இருப்பு வைக்க ஓர் உரிமம், தன் மாநிலத்துக்குள் கொண்டுவர ஓர் அனுமதி, அனுப்பும் மாநிலத்திலிருந்து வெளியே எடுத்துச்செல்ல ஓர் அனுமதி, வழியில் கொண்டுசெல்ல ஓர் அனுமதி என்று நான்கைந்து தாள்கள் தேவைப்பட்டன. இவை எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருந்தால்தான் மருந்து வந்துசேரும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். கணக்கில் ஏற்படும் சிறு பிழைக்கும் சிறைக்குப் போக நேருமோ என்று மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் அஞ்சின. பல இடங்களில் மார்ஃபின் வாங்குவதையே நிறுத்தினார்கள். ஆண்டுக்குச் சில நூறு கிலோவாக இருந்த நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 1997இல் ஏறத்தாழ 18 கிலோவாகச் சரிந்தது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் அபின் விளைவித்து உலகுக்கே ஏற்றுமதி செய்யும் நாட்டில், சொந்த நோயாளிகள் அந்த மருந்து கிடைக்காமல் துடித்தனர். ஒரு மருந்தின் மீதான அச்சம், நோயாளியின் மீதான இரக்கத்தை முந்திவிட்டதால் விளைந்த அநீதி இது.

மாதிரி விதிகளும் கேரளமும்

நோய்த்தணிப்புச் சிகிச்சையில் ஈடுபட்ட மருத்துவர்கள் இந்நிலையை மாற்றப் போராடினர். மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் உள்ளிட்டோர் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கம் இம்முயற்சியில் முன்னின்றது. 1998இல் மத்திய வருவாய்த் துறை எளிமையாக்கப்பட்ட மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. பயிற்சி பெற்ற மருத்துவர் பணியாற்றும் நிறுவனத்துக்கு அங்கீகாரம் தந்து, பல உரிமங்களின் தேவையை நீக்குவது அவற்றின் சாரம்.

1999இல் கேரளம் விதிகளைத் திருத்தியது. சிற்றூர்களிலும் வாய்வழி மார்ஃபின் கிடைக்கத் தொடங்கியது. 2008இல் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையையும் அம்மாநிலம் அறிவித்தது. மற்ற மாநிலங்களில் சில மட்டுமே பின்தொடர்ந்தன. திருத்திய இடங்களிலும் அதிகாரிகளுக்குப் புதிய விதி தெரியாமல் விண்ணப்பங்கள் தேங்கின. 2007இல் இந்திய நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது.

2014ஆம் ஆண்டுத் திருத்தம்

2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. ‘இன்றியமையாத போதை மருந்துகள்’ என்னும் புதிய வகை உருவானது. அவற்றுக்கு விதி செய்யும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து மத்திய அரசுக்கு மாறியது. 2015இல் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் இவ்வகையில் அறிவிக்கப்பட்டன.

இன்றைய நடைமுறை

‘அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்’ என்ற தகுதிக்கு மருத்துவமனை மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் விண்ணப்பிக்கிறது. பல அலுவலகங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரே அலுவலகம். மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்று, வலி நிவாரணம், நோய்த்தணிப்பு அல்லது போதை அடிமைகளுக்கான மாற்று மருந்துச் சிகிச்சையில் பயிற்சியும் பெற்ற மருத்துவர் அங்கே இருக்கவேண்டும். நிறுவனம் ஆண்டுத் தேவையை மதிப்பிட்டுத் தெரிவிக்கவேண்டும். வரவு, வழங்கல், இருப்பு ஆகியவற்றுக்குக் கணக்கு வைத்து, ஆய்வுக்குக் காட்டவேண்டும். பதிவு பெற்ற தனி மருத்துவர், விற்பனைக்கு அல்லாமல் தம் சிகிச்சைப் பயன்பாட்டுக்கு மட்டும், விதியில் குறித்த சிறிய அளவை வைத்திருக்கலாம்.

மதிப்பீடு

சட்டத்தின் தடை நீங்கியது பெரிய வெற்றி. ஆயினும் எழுதித்தரும் பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லாத மாவட்டத்தில் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கவே ஆள் இல்லை. 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சை இடம்பெற்றிருப்பது இக்குறையைப் போக்கும் வழி. மருந்து திசைமாறாமல் காக்கும் கண்காணிப்பும், அது நோயாளியைத் தாமதமின்றிச் சென்றடைவதும் ஒரே விதிக்குள் அடங்கும் என்பதைக் கேரளத்தின் அனுபவம் காட்டியிருக்கிறது. மற்ற மாநிலங்களும் அந்த நிலையை எட்டுவதற்கு இனிச் சட்டம் தடையாக இல்லை. மருத்துவரைப் பயிற்றுவிப்பதும் அலுவலகத்தை இயக்குவதும் அரசுகளின் பொறுப்பு.